அழக்கூடாத கண்

டிசம்பர் 3, செவ்வாய்

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து தினமும் டிரிப் ஷீட் எழுதிய கை. ரிட்டயர் ஆன பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் அரித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பாக்கியத்தின் வலது கண்ணில் பூ விழுந்திருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதற்குப் பின்னால் புரையும் முற்றிவிட்டது என்பது புதுச் செய்தி.

"முன்னாடி இருக்கிற கருவிழி மங்கிப் போச்சுங்க ஐயா. உள்ள இருக்கிற லென்சும் வெள்ளையாயிடுச்சு. ஒண்ண மட்டும் மாத்தினா இன்னொண்ணு மறைக்கும். தனித்தனியா ரெண்டு தடவை செஞ்சா, மொதல்ல வெச்ச கருவிழி ரெண்டாவது ஆபரேஷன்ல கெட்டுப்போகலாம். அதனால ஒரே தடவையில முடிச்சிடலாம். பழைய கருவிழிய வட்டமா எடுத்துட்டு, அந்த வழியாவே புரையையும் எடுத்து, லென்ஸ் வெச்சு, மேல யாராவது தானம் பண்ணின கருவிழிய வெச்சு தைச்சிடுவோம்."

தைப்பது என்றதும் பாக்கியம் சிரித்துவிட்டாள். பார்வை இருந்த காலமெல்லாம் தையல் மிஷின் மிதித்தவள். "எத்தனாம் நம்பர் நூலுங்க டாக்டர்?" என்று கேட்டாள். "தலைமுடிய விட மெலிசும்மா" என்று டாக்டரம்மாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கண் அவளுக்குச் சின்ன வயதில் அம்மையோடு போய்விட்டது. இருப்பது இந்த ஒன்றுதான். இதிலும் ஆறு வருஷமாக ஆள் நிழல் மட்டும் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. "சரியா வரலைன்னா?" என்று கேட்டேன். "இப்பத் தெரியுற வெளிச்சமும் போகலாம் ஐயா" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல்.

"போனா போகட்டும், பார்த்துடலாம்" என்றாள் பாக்கியம். பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இனி யாருடைய கண்ணாவது வர வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

சிங்காரம் வந்தான். என் மச்சினன். அவன் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும், வாய் அவனுக்கு முன்னால் வந்துவிடும். காட்டூரில் டீக்கடை வைத்திருக்கிறான். தினமும் சாயங்காலம் எண்ணெய் ஒழுகும் பேப்பரில் பஜ்ஜி கட்டிக்கொண்டு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேப்பரைப் படித்து, என் காப்பியைக் குடித்துவிட்டுப் போவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தத் தொல்லை.

அவர்கள் அம்மா போனபோது அவன் நடை பழகாத குழந்தை. பாக்கியம்தான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஒரு பிள்ளை இருக்கிறானே என்பாள்.

"அக்கா, கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல யாரைப் பார்ப்ப? மாமாவையா, என்னையா?"

"உன்னைத்தான்டா. அவரு எங்க ஓடிடப் போறாரு, ரெண்டாவதா பார்த்துக்கலாம்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு வருஷம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறவன் ரெண்டாவது. நல்ல நியாயம்.

டிசம்பர் 11, புதன்

இன்னும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் கண் வங்கிக்காரப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னாள். உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டுமாம். அவர்கள் வரும்வரை இறந்தவர் கண்ணை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டுமாம். முக்கியமாக ஃபேனை நிறுத்திவிட வேண்டுமாம், காற்றில் கருவிழி காய்ந்துவிடும் என்றாள்.

"எல்லாரும் குடுக்கத்தான் செய்வாங்க ஐயா. ஆனா அந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கணும். அந்த ஒருத்தர்தான் கிடைக்க மாட்டேங்கறாங்க."

அவள் நம்பரை என் போனில் போட்டுக்கொண்டேன். வெளியே வரும்போது ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. வழக்கமாக அது நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைப்பேன். இன்றைக்கு மனது வேறொன்றை நினைத்தது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

கண் வந்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன். பாக்கியத்தைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார்கள், இனி பல வாரம் முடியாதாம். நான்தான் சீயக்காய் தேய்த்துவிட்டேன். "எந்த வீட்டுலயோ இன்னைக்கு அழுவாங்க இல்லங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

சிங்காரம் போனில் குதித்தான். உடனே வருகிறேன் என்றான். பாக்கியம் போனை வாங்கி, "கட்டோட என்னைப் பார்க்க வராதே. கட்டு அவுத்தப்புறம் வா. நான் உன்னைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 18, புதன்

முடிந்தது. பழைய கருவிழியை எடுத்துவிட்டுக் கண் திறந்து கிடக்கும் நேரம்தான் ஆபத்து, இருமக்கூடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இவள் இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தாளாம். டாக்டரம்மா வெளியே வந்து, "கெட்டிக்காரங்க உங்க வீட்டம்மா" என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

கட்டு அவிழ்த்தார்கள். டாக்டரம்மா கையைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்டார். "மூணு. மோதிரம் போட்டிருக்கீங்க" என்றாள். இன்னும் மங்கல்தான், போகப் போகத் தெளியும் என்றார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, "சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். முதலில் பார்த்தது தம்பியை இல்லை, என்னைத்தான். இதைச் சிங்காரத்திடம் சொல்லி நன்றாக வெறுப்பேற்ற வேண்டும்.

நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கசக்கக் கூடாது, குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, கண்ணில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கு முசிறியிலிருந்து வந்திருக்கும் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தண்ணியே படக்கூடாதுன்னா கண்ணீரு? எங்க சம்சாரத்துகிட்ட ஒரு வாரமா கெட்ட சேதி எதுவும் சொல்லலை. அழுதா தையல் பிரிஞ்சிரும்ல?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பாக்கியத்திடமும் எதற்கும் அழக்கூடாது என்று சொல்லி வைத்தேன்.

சிங்காரம் நாளைக்குக் காலை வியாபாரம் முடித்துக்கொண்டு நேரே வருகிறானாம்.

டிசம்பர் 20, வெள்ளி

சிங்காரம் இறந்துவிட்டான். காலையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். பாக்கியத்திடம் சொல்லவில்லை.

டிசம்பர் 21, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் யாரிடமாவது சொல்லிவிடுவேன்.

போன் வந்தபோது வராந்தாவில் இருந்தேன். சிங்காரத்தின் பெண்டாட்டி தேன்மொழிதான் பேசினாள். பேச்சு இல்லை, அலறல். நான் உள்ளே போய் பாக்கியத்திடம், வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதாம், போய் நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். முசிறிக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை அவள் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காட்டூரில் அவன் வீட்டுக் கூடத்தில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். முழுக்கை சட்டை போட்டு, விபூதி பூசி. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இமை முழுதாக மூடியிருக்கவில்லை.

தேன்மொழி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லலம்மா. அழுதா புதுக் கண்ணு போயிடும். அவளுக்கு இருக்கிறது அந்த ஒண்ணுதான்."

அந்தப் பெண் தன் துக்கத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப சொல்லாதீங்கண்ணே. அவரே சொல்லியிருக்க மாட்டாரு."

பெரியப்பா ஒருவர் குதித்தார். "வளர்த்த அக்கா வராம எப்படிய்யா எடுக்கிறது? கடைசியா மூஞ்சியப் பார்க்க வேணாமா? ராத்திரி வெச்சிருந்து காலையில எடுப்போம்." நான் ஆபரேஷனைச் சொன்னேன். எல்லாரும் ஆளுக்கு ஒன்று பேசி, கடைசியில் என் பக்கம் வந்தார்கள். எடுக்கச் சொன்னது நான்தான்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஃபேன் சுவிட்ச் எட்டும் தூரம். ஈக்கள் மொய்த்தன, அதனால்தான் போட்டிருந்தார்கள். என் சட்டைப்பையில் போன் இருந்தது. துக்க வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், எதை எப்போது பேசுவது என்று ஒரு முறை இருக்கிறது. தேன்மொழி இருந்த நிலையில் அவளிடம் எதையும் கேட்டிருக்க முடியாது.

சாயங்காலம் காவிரிக் கரையில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பாக்கியம் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "மார்கழிக் குளிருல இந்த நேரத்துல எதுக்குக் குளிச்சீங்க?"

"மோட்டார்ல கிரீஸ்" என்றேன்.

"சிங்காரம் வரலையே."

"காய்ச்சலாம். காய்ச்சலோட வந்தா உன் கண்ணுக்கு ஒட்டிக்கும்னு நான்தான் வர வேணாம்னுட்டேன்."

"நல்லதுதான்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தெருவில் எல்லார் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவள் போனை, சார்ஜர் சரியில்லை என்று சொல்லி நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

ஒரு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கை கழுவிக் கழுவித் தோல் உரிகிறது.

பாக்கியத்துக்கு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. வாளி பச்சை நிறம் என்று இன்றைக்குக் கண்டுபிடித்தாள். ஆறு வருஷமாக நீலம் என்று நினைத்திருந்தாளாம். சுவரில் ஒட்டடை இருக்கிறது, அடுப்பு மேடை அழுக்கு, நான் இளைத்துவிட்டேன். எல்லாம் தெரிகிறது.

சின்ன வெங்காயச் சாம்பார் வைத்தேன். கொல்லையில் உட்கார்ந்து உரித்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

மறுபடியும் வெங்காயச் சாம்பார்.

ஜனவரி 1, புதன்

"என்னங்க இது, வாரம் பூரா வெங்காயம்? வருஷப் பிறப்பும் அதுவுமா ஒரு முருங்கைக்காய் போடக்கூடாதா?"

வெங்காயம் மலிவு என்றேன். "அதுக்குன்னு இவ்வளவா? பாருங்க, கண்ணு எப்படிச் செவந்திருக்குன்னு" என்றாள். இப்போதெல்லாம் அவளிடம் எதையும் மறைக்க முடிவதில்லை. கொல்லையில் உரிப்பதுதான் சௌகரியம். அங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவன் உட்காரும் நாற்காலியை மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். என் நாற்காலிதான். சாயங்காலம் பேப்பரைப் பிடுங்க ஆள் இல்லாமல் முழுசாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 4, சனி

சிங்காரத்துக்குக் கருமாதி. பாக்கியத்திடம் ரேஷன் கடை என்று சொல்லிவிட்டுக் காட்டூர் போய் வந்தேன். தேன்மொழி தலை நிமிரவே இல்லை. புறப்படும்போது மட்டும், "அண்ணிக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாண்ணே?" என்றாள். நன்றாகத் தெரிகிறது என்றேன். "அது போதும்ணே" என்றாள்.

ரேஷன் அரிசி இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். ஸ்டாக் இல்லை என்று சொன்னேன்.

ஜனவரி 8, புதன்

இன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

"ஏங்க, எத்தனை நாளைக்குக் காய்ச்சல் அடிக்கும்? போன்ல ஒரு வார்த்தை பேசக்கூட முடியாதா அவனால? தேன்மொழியும் பேசலை."

நான் சொட்டு மருந்தைத் தேடுவது போல் குனிந்தேன்.

"உண்மையச் சொல்லுங்க. நீங்க அவனை ஏதாவது சொன்னீங்களா? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். அதிலேயே நுழைந்துவிட்டேன். "ஆமா" என்றேன். "ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு வார்த்தை முத்திப்போச்சு. இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு போயிட்டான்."

"என்ன சண்டை?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப. உனக்கு டென்ஷன் ஆகக் கூடாது."

 பிறகு, "உங்க வாயும் சும்மா இருக்காது, அவன் வாயும் சும்மா இருக்காது. விடுங்க, ரெண்டு நாள்ல வந்துடுவான்" என்றாள். அழவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பாக்கியம் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லாரையும் வேடிக்கை பார்த்தாள். உள்ளே வந்து பூஜை சாமான் துலக்கச் சொன்னாள். "சண்டை வேற, சீர் வேற. கூடப்பிறந்தவளுக்குப் பொங்கச் சீர் கொண்டு வராம இருக்க மாட்டான். கரும்பு, மஞ்சக்கொத்து எதுவும் வாங்கிடாதீங்க."

நான் வாங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

சாவு விழுந்த வருஷம். பொங்கல் வைக்கக் கூடாது. வைத்தோம். பொங்கி வரும்போது "பொங்கலோ பொங்கல்" என்று அவள் சொன்னாள், நானும் சொன்னேன்.

காலையிலிருந்து கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கண்ணில் புகை படக்கூடாது என்று சொல்லி அடுப்படிப் பக்கம் விடாமல் நான் தடுத்தேன், அதனால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவில், பொங்கலுக்கு அவன் போடுகிற மாதிரி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு யார் போனாலும் எழுந்து பார்த்தாள். எழுந்து பார்க்கிற அளவுக்குக் கண் தெரிகிறது. நான் படையல் போட்டேன். அவள் சாப்பிடவில்லை, தம்பி வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்றாள். மத்தியானம் தாண்டியது. எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அண்ணன் தம்பிகள் கரும்புக் கட்டோடு வந்து போனார்கள்.

பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தினாள்.

"எனக்குக் கண்ணு வந்திருக்கு. எட்டிப் பார்க்க மனசு வரலை அவனுக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு முழம் கரும்பு கொண்டுவர மனசு வரலை. இடுப்புல வெச்சுச் சுமந்தேன் அவனை." கண்ணைக் கெட்டியாக மூடி அடக்கிக்கொண்டாள். அழக்கூடாது என்று நான் சொன்னதை அவள் மறக்கவில்லை. "சாமி சத்தியமாச் சொல்றேன். இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாத பாக்கியம்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் அவனுக்குப் பரிஞ்சு பேச வேணாம்."

இன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவள் கண்ணில் ஈரம் மினுங்குவதைப் பார்த்தேன், தையல் ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் நாளில் கேட்டுக்கொண்டு சொல்லிவிடுவேன். மச்சினனுக்கு நான் செய்தது போல் எந்த மாமனும் செய்திருக்க மாட்டான். செத்தவனைக் கெட்டவன் ஆக்கிவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

அவன் பேச்சையே எடுப்பதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி. எழுத்துப் பலகையில் நாலாவது வரி வரை படித்தாள். டாக்டரம்மா அசந்துபோனார். கருவிழி தெளிவாக ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், உள்ளே வைத்த லென்சும் அசையாமல் இருக்கிறதாம். இத்தனை சீக்கிரம் இவ்வளவு பார்வையை எதிர்பார்க்கவில்லை என்றார். தெருவில் எதிரே வருகிற ஆளின் முகமே தெரியும் என்றார்.

பாக்கியத்தை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போனேன்.

"டாக்டர், இவ எப்ப அழலாம்?"

அவருக்குப் புரியவில்லை. "எப்பன்னா?"

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க. கண்ணீர் பட்டா தையல் பிரிஞ்சுடாதே இப்ப?"

"ஐயா, நாங்க சொன்னது குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி. அதுல கிருமி இருக்கும். கண்ணீர் கண்ணோடது. அதனால ஒரு கெடுதலும் இல்ல. ஆபரேஷன் ஆன மறுநாளே அழுதிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. கசக்காம இருந்தா சரி. யாரு சொன்னது உங்களுக்கு?"

விவரம் தெரிந்த யாரும் சொல்லவில்லை, முசிறிக்காரரும் என்னிடம் கேள்வியாகத்தான் கேட்டார். நான் யாரையும் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கே கேட்டிருந்தால், பாக்கியத்தைக் கையைப் பிடித்துக் காட்டூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்திருப்பாள். மங்கலாகவாவது பார்த்திருப்பாள். அவளுக்குக் கண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டு, அது பார்க்க வேண்டிய முகத்தை நானே எரிய விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போய், சாப்பிட வைத்து, மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். துவாக்குடி பஸ்ஸில் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் சீட். வழியெல்லாம் போர்டு படித்துக்கொண்டே வந்தாள், முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாக. "அ...ன்பு மெடிக்கல்ஸ். பால்...பண்ணை. டயர்... ரீட்...ரேடிங்." ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், சரிதானே என்கிற மாதிரி. நான் தலையாட்டினேன். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

காட்டூர் ஸ்டாப்பில் பஸ் நின்றது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நீளமான காம்பவுண்டு சுவர்.

"ஏங்க, அந்தப் போஸ்டர்ல ஒருத்தரு. எங்க அப்பா மாதிரியே இருக்காரு பாருங்களேன்."

பார்த்தேன். ஊரில் சாவு என்றால் போஸ்டர் ஒட்டுவார்கள் என்பது இத்தனை நாளில் ஒரு தடவைகூட என் புத்தியில் தட்டவில்லை. பார்வை இல்லாதவளிடம் மறைப்பதாகவே நினைத்து எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன்.

"யாரோ" என்றேன். "இந்தப் பக்கம் பாரு, கோயில் கோபுரம் தெரியுது."

"இருங்க, படிக்கிறேன். முப்...பதாம்... நாள். நினை...வஞ்சலி. ஐயோ பாவம்."

முப்பது வருஷம் எத்தனை ஸ்டாப்பில் விசில் ஊதியிருப்பேன். அந்தக் கண்டக்டர் பையன் ஒரே ஒரு தடவை ஊதியிருக்கக் கூடாதா. அவன் சில்லறைக்காக யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தான்.

"டீ...க்கடை. சி...ங்கா..."

நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள், இந்தத் தடவை சத்தம் இல்லாமல், உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து என் முழங்காலைத் தாண்டி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

சுவரை ஒட்டி நின்று அவன் கன்னத்தில் கை வைத்தாள். பேப்பர் பசையோடு மொடமொடவென்று இருந்தது.

"இவன் எப்பங்க நரைச்சான்?"

கீழே தேதி போட்டிருந்ததை விரலால் தொட்டுப் படித்தாள். "இருவதாம் தேதி. அன்னைக்குத்தான் நீங்க குளிச்சிட்டு வந்தீங்க."

"ஆமா."

"பொங்கலன்னைக்கு நான் சொன்னேனே. அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணினேனே. கேட்டுக்கிட்டு நின்னீங்களே."

"நீ அழுதா கண்ணு போயிடும்னு பயந்துட்டேன் பாக்கியம். அவன் போனதும் இல்லாம உனக்குக் கண்ணும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? இப்பத்தான் டாக்டர் சொன்னாங்க, அழலாமாம். ஒண்ணும் ஆகாதாம். அழு பாக்கியம். அழுதுடு."

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த முகத்தை ஓரம் ஓரமாக, நெற்றி, காது, மீசை என்று. வெகுநேரம் கழித்துத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவன் கண்ணைக் குடுத்தீங்களா?"

ஃபேன் சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருந்ததையும், சட்டைப்பையில் அந்தப் பெண்ணின் நம்பர் இருந்ததையும் எழுதும்போது ஏதேதோ சமாதானம் எழுதினேன். நேரில் கேட்டபோது ஒன்றும் இல்லை.

"இல்ல. நான் கேட்கலை."

"நமக்கு யாரோ கேட்டாங்க" என்றாள்.

ஜனவரி 22, புதன்

காலையில் அவளே எழுந்து, வெள்ளையில் சின்னக் கட்டம் போட்ட சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். தேன்மொழி வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லாமலே தெரிந்தது. நான் சட்டை மாட்டினேன்.

"நீங்க வர வேணாம்."

"தனியாப் போக முடியுமா உன்னால? ரோடு தாண்டணும்."

"கண்ணுதான் தெரியுதே."

ஸ்டாப் வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பழக்கதோஷத்தில் என் கை நீண்டது. அவள் அதைக் கவனிக்காமல், லாரி போகும் வரை காத்திருந்து, தானாகத் தாண்டினாள். முதலில் வந்த பஸ்ஸின் நம்பரைத் தலை நிமிர்ந்து படித்துவிட்டு விட்டுவிட்டாள். அடுத்தது சரியான பஸ். ஏறினாள். இதற்காகத்தான் அவளுக்குக் கண் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், தனியாக ஒரு பஸ் ஏறினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டது.

இந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். நான் எதிரே நின்று கையைத் தூக்கினேன். அந்தத் தூரத்தில் என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும், நேற்றுத்தான் டாக்டரம்மா சொன்னார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.